தார் போடாத பதினொரு கிலோமீட்டர்

ஜனவரி 5, திங்கள்

காலையில் நல்ல பனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. எல் போர்டு வகுப்பு இரண்டு. மூன்றாவது பெண் வரவில்லை, போனும் இல்லை. கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டும்.

சென்னையிலிருந்து மோட்டார் கிளப் செயலாளர் கூப்பிட்டார். உலக கார் ராலிப் போட்டிக்கு ஆசியாவில் புதிதாக ஓர் இடம் தேடுகிறார்களாம். மூன்று நாடுகளில் பார்க்கிறார்கள், இந்தியாவில் நம் மாவட்டம். வெளிநாட்டுப் பார்வையாளர் நாளை வருகிறார். நான் கூடவே போய், வளைவு வளைவாக வழிக்குறிப்பு எழுதி, இடம் தகுமா தகாதா என்று மூன்று பக்கம் தர வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன். அங்கே வழிக்குறிப்பு எழுதத் தெரிந்தவர் வேறு யார் என்றார்.

வாஸ்தவம்தான். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பதினொரு வருடம் வளைவுகளை வாசித்தவள் நான். கடைசிப் போட்டியில் கார் பாறையில் மோதி அவன் வலது முழங்கால் மடங்காமல் போனது. அதோடு எனக்கும் முடிந்தது. இப்போது ஊர்ப் பெண்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அஞ்சுகிராமத்தில் டயர் கடைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித்தான் எல்லாம் தெரிகிறதோ. “செல்வி, நம்ம ஊருக்கே வாராவளாமே?” குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

இடுப்பு வலி. பழைய மீன் குழம்பு. அதுவே போதும்.

ஜனவரி 6, செவ்வாய்

நாகர்கோவில் ஓட்டல். பார்வையாளர் பெயர் ஹென்றிக். அறுபது இருக்கும். வெயிலில் மூக்கு சிவந்த, பொறுமையான மனிதர். இட்லிக்குச் சட்னி வேண்டாம், சர்க்கரை போதுமாம்.

மேசை முழுக்க வரைபடம். எங்கே போட்டி நடக்க வேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு என்றார். கார்க் கம்பெனிக்குக் கார் விற்கும் நாடு வேண்டும். டிவிக்காரர்களுக்கு மலையும் கடலும் வேண்டும். ஓட்டுநர்களுக்கு நல்ல சரளை மண் ரோடு மட்டும் போதும். எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் இடம் எங்கும் இல்லையாம். இவர் இருபது வருடமாகத் தேடுகிறார். சொல்லும்போதே கொட்டாவி விட்டார். நானும் விட்டேன்.

வாங்க வேண்டியது: பேட்டரி, பென்சில், அழிரப்பர், வாந்தி மாத்திரை (அவருக்கு).

ஜனவரி 7, புதன்

அதிகாலையில் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளுக்கு நடுவே சர்வீஸ் பாதைகள். ஆள் கிடையாது, வீடு கிடையாது. ஆனால் நேர்கோடு. ஹென்றிக் ஆறு கிலோமீட்டரிலேயே தலையாட்டினார். இதில் யார் வேண்டுமானாலும் வேகமாகப் போகலாம், அதனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். காற்றில் என் தாள் இரண்டு பறந்து போனது.

மதியம் குலசேகரம் தாண்டி ரப்பர் எஸ்டேட் ரோடு. பதினொரு கிலோமீட்டர், முழுக்கச் செம்மண்ணும் சரளையும். ஒரு பக்கம் மரங்கள், ஒரு பக்கம் ஓடை. நூற்றுக்கு மேல் வளைவு. குறிப்பில், அவர் ஊரில் ஒன்று என்றால் லேசான வளைவு. நமக்கு ஒன்று என்றால் ஊசி வளைவு. முதல் ஓட்டத்தில் அதிலேயே குழம்பினோம். இரண்டாவதில் சரியாக வந்தது. இ4 (இடது நாலு), நூறு மீட்டர், மேடு, வ3, பாலம் குறுகல். வாய் தானாகச் சொல்லியது. இத்தனை வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை. ஹென்றிக் காரை நிறுத்தி ஸ்டியரிங்கைத் தட்டினார். இந்த ரோட்டைத்தான் இருபது வருடமாகத் தேடினேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் தாளைப் புரட்டினேன்.

திரும்பும்போது, ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றிருந்தார். லீலா. ஐம்பது வயது. ஏற்றிக்கொண்டோம். மூன்றாவது கிலோமீட்டர் வரும்போது ஒரு வளைவைக் காட்டினார். அவர் மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஜீப்பிலேயே, அங்கேதான் பிள்ளை பெற்றாளாம். ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு இப்போது நாலு வயது. எஸ்டேட்டில் அந்த இடத்துக்கே பேறு வளைவு என்றுதான் பெயர்.

என் தாளில் அது: வ2, உள்ளே கல், ஓரத்தைக் குறுக்கே வெட்டிப் போகாதே.

ரோட்டோரக் கற்களில் வெள்ளைப் பெயின்ட் அடையாளம். அது என்ன என்று ஹென்றிக் கேட்கச் சொன்னார். லீலா சிரித்துக்கொண்டே சொன்னார்: “அளந்துட்டுப் போயாச்சு. பொங்கலு கழிஞ்சா தாரு போடுவினும். நானும் எத்தனை மனுல கைநாட்டு வச்சேன் தெரியுமா?”

மொழிபெயர்த்தேன்.  குலசேகரத்தில் லீலா இறங்கிய பிறகு, பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஹென்றிக் சொன்னார்: ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடம். அதுவரை இந்த ரோடு இப்படியே இருக்க வேண்டும். தார் ரோட்டுப் போட்டிகள் எங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன.

ஜனவரி 8, வியாழன்

வகுப்பு எல்லாம் ரத்து. தலைவலி.

செயலாளரிடம் தார் விஷயம் சொன்னேன். அது பெரிய காரியமே இல்லை என்றார். மேலே ஒரு கடிதம் போனால் வேலையைத் தள்ளிவைத்துவிடுவார்களாம். நாட்டுக்குப் பெருமை, சுற்றுலா, இன்னும் என்னென்னவோ. என் அறிக்கையில் அந்த வெள்ளை அடையாளத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஹென்றிக்கும் தானாகப் போய்ச் சொல்ல மாட்டார், உள்ளூர் அறிக்கையில் இருந்தால்தான் அவருக்குக் கணக்கு.

மூன்று பக்கமும் காலியாகவே கிடந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்து நின்றான். அஞ்சுகிராமத்திலிருந்து பஸ் ஏறி, அந்தக் காலோடு. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேறு வளைவையும். அவன் என் வழிக்குறிப்பை எடுத்து முதல் தாளிலிருந்து படித்தான். உதடு அசைந்தது. நான் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

“ஒரு மூணு வருசம்தானட்டி” என்றான்.

“அவ்வோ எத்தனை வருசமா காத்துக் கிடக்காவன்னு நினைச்சுப் பாத்தியா?”

“நான் எத்தனை வருசமா காத்துக் கிடக்கேன்னு நீ நினைச்சியா?”

 கோபத்தில் சொன்னதல்ல அது. காப்பியைப் பாதி வைத்துவிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிடவும் சம்மதிக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

விடியற்காலையில் உட்கார்ந்து எழுதினேன். ரோடு அருமை என்று எழுதினேன். நான் பார்த்த மண் ரோடுகளில் இதுபோல் வேறில்லை என்றும் எழுதினேன், அது பொய் இல்லை. பிறகு தார் போடப்போவதை, மனுக்களை, ஜீப்பில் நடந்த பிரசவத்தை. கடைசிப் பத்தி இது: எந்த ஊருக்கும் அது ஒன்றே வழியாக இல்லாத ரோட்டில்தான் போட்டி நடக்க வேண்டும். போட்டிக்கு ஆகாத காற்றாலைப் பாதைகளைத் தவிர, இங்கே அப்படி ஒரு ரோடு எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே வேண்டாம்.

பத்தரைக்கு அனுப்பினேன். பிறகு படுத்துவிட்டேன். பகலில் தூங்கிப் பல வருடம்.

அண்ணன் கூப்பிடவில்லை.

ஜனவரி 10, சனி

கிளட்ச் கேபிள் மாற்றியாயிற்று. வராத பெண் வந்தாள், தங்கையைப் பெண் பார்க்க வந்தார்களாம்.

ஹென்றிக்கிடமிருந்து இரண்டு வரி. எஸ்டேட் ரோட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அது இல்லாமல் இந்த மாவட்டம் நிற்காது, அடுத்த வாரம் வேறு நாட்டுக்குப் போகிறார். அறிக்கைக்கு நன்றி.

செயலாளர் கத்தவில்லை. இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலாம்.

அண்ணனுக்கு நானே போன் செய்து சொன்னேன். ம் என்றான். கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம். பிறகு, நாளைக்கு லீவுதானே என்று கேட்டான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான்.

ஜனவரி 11, ஞாயிறு

ஏழு மணிக்கே வாசலில் அண்ணன். ஷேவ் செய்திருந்தான். அந்த ரோட்டைத் தாரு போடும் முன்னே ஒரு தடவை காட்டு என்றான். 

எல் போர்டு காரில் போனோம். ஓட்டியது நான். குறிப்பு அவன் மடியில். எஸ்டேட் வாசல் தாண்டியதும், கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தான். வாழ்க்கையில் அவன் குறிப்பு வாசித்ததே இல்லை, கேட்டுத்தான் பழக்கம். எல்லாம் ஒரு வளைவு பிந்தி. நான் திரும்பி முடித்த பிறகு “வலது மூணு” என்பான். பாலத்தில் ஏறிய பிறகு பாலம் என்பான். நாற்பதுக்கு மேல் போகவில்லை. அதற்கே சன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான்.

“இவ்வளவு கஷ்டமாட்டி இது?” என்று ஒரு தடவை கேட்டான். ஆமாம் என்றேன்.

மூன்றாவது கிலோமீட்டரில், சர்ச்சுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு எதிரே பஸ். ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். ஒரு பக்கம் சரிந்து, ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறி மெதுவாக வந்தது. கம்பியைப் பிடித்தபடி பெண்கள் நின்றிருந்தார்கள், மடியில் பிள்ளைகளோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தூசி அடங்க நேரமாயிற்று. அண்ணன் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தான். இடம் தவறிவிட்டது அவனுக்கு.

“எங்கட்டி நிக்கோம் இப்ப?”

“பஸ்ஸுக்கு வழி விட்டுட்டு நிக்கோம்.”

தாள்களை மூடி மடியில் வைத்துக்கொண்டான். பைய போ என்றான்.