மழையில்லாத வெள்ளம்

அன்பு மகள் வனிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை கலைச்செல்வியும் இங்கே நன்றாக இருக்கிறோம், பசு கன்று போட்டிருக்கிறது, ஓசூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருந்தால் எனக்கு அது போதும். போன் பேச்சு பாதியிலேயே அறுந்து போவதால் நான் சொல்லச் சொல்ல கலைச்செல்வி எழுதுகிறாள்.

சாமி, நீ கொடுத்தனுப்பிய பழைய போனில் இருக்கிற அந்த எகிப்து விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. திறந்தவுடன் "வா கலைச்செல்வி" என்று கூப்பிடுகிறது, இவள் பெயரை அதற்கு யார் சொன்னது? நீதான் பதிந்து அனுப்பினாயாம், இருந்தாலும் அதை முறத்துக்கு அடியில் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். செத்தவர் குடலை எடுத்துவிட்டுத் துணி சுற்றுவதும், நெஞ்சைத் தராசில் வைத்து இறகோடு நிறுப்பதும் வயசுப்பிள்ளை படிக்கிற பாடமா? பக்கத்துக் காட்டு அம்சவேணி பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ஏவல் கீவல் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சந்தேகம் அந்தப் பிணத்தின் மேல் இல்லை, உன் மேல்தான். பத்தாவது எழுத வைக்கிறேன், இவளை ஓசூருக்கு அனுப்பு என்று நீ கேட்டாய், நான் மாட்டேன் என்றேன், உடனே போன் வந்து நிற்கிறது. வாத்தியார் கேட்டால் வாய் திறக்க முடியாமல்தானே இவள் எட்டாவதோடு நின்றாள்?

அந்த விளையாட்டில் நைல் என்று ஓர் ஆறு. தண்ணீர் ஏறியதும், நம் காட்டில் முதல் மழைக்குச் சாமை விதைப்பதுபோல் இவள் கோதுமையை விதைத்துவிட்டாள், எல்லாவற்றையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அங்கே மழையே இல்லை, பின் வெள்ளம் எப்படி வரும், இது பொய் சொல்லுது என்றாள், நானும் ஆமாம் என்றேன். போன வாரம் இங்கே மலைமேல் பேய்மழை. மறுநாள் உன் மாமா காளியண்ணன் அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஏறி வந்து, "கீழ ஒரு சொட்டு இல்லீங்கக்கா, நல்லா வெயிலடிக்குது, ஆத்துல செந்தண்ணி பொரண்டு வருது, தொவைக்கப் போட்ட வேட்டி போயிருச்சு" என்றான். இவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அந்த ஆற்றுக்கும் மேலே எங்கோ ஒரு மலை நனைகிறது என்று கண்டுகொண்டு, வெள்ளம் வடியும்வரை காத்திருந்து சேற்றில் விதைத்தாள். "வெளஞ்சிருச்சும்மா!" என்று போட்ட சத்தத்தில் கன்று மிரண்டது. இவள் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

அதிலிருந்து, இவளுக்கும் போக ஆசையோ என்று என் சந்தேகம் இவள் மேலும் விழுந்துவிட்டது. இதை எழுதும்போதே கை நிற்கிறது, முகத்தைக் காட்டாமல் குனிந்துகொள்கிறாள். போகிறாயா என்றால் கன்றைத் தடவ எழுந்து போய்விடுகிறாள். இவளுக்காக நானும் பேச மாட்டேன், நீயும் பேசாதே. நேரில் வந்து கேள், நம் இருவர் முன்னாலும் தன் வாயால் சொல்லட்டும், அனுப்புகிறேன்.

மலைமேல் குளிர், கம்பளி இல்லாமல் வராதே. எட்டுக்கை அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நன்றாக இருப்பாய் கண்ணு.

உன் அம்மா,
பெருமாயி

அக்கா, மேலே இருப்பதெல்லாம் அம்மா சொன்னது, இது மட்டும் நான். போகிறேன் என்று கன்றிடம் சொல்லிப் பார்த்தேன், குரல் வந்தது. சீக்கிரம் வா.