பதினேழாம் குழி

மார்ச் 4, செவ்வாய்

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பள்ளத்தை நிரப்பி, மேலே மண் பரப்பி, நிலத்தை உடையவர்களிடம் திருப்பித் தர வேண்டும். எந்த நிலம் எதற்கு உதவும் என்று தரம் பிரித்துச் சொல்வது என் வேலை. பதினொரு வருடத்துக்கு முன்னால், தோண்டும் முன்பும் நானேதான் பிரித்தேன். கிழக்குப் பக்கத்து எட்டு ஏக்கருக்கு ஆறாம் தரம்: நாற்பது சென்டிமீட்டரில் பாறை, மேய்ச்சலுக்கு மட்டும். அதனால் இன்று அங்கே நாற்பது சென்டிமீட்டர் மண்தான் போட்டிருக்கிறார்கள்.

வேலியோரம் நின்ற நிலத்துக்காரம்மா, "எங்க நிலத்துல பாறையா? மாமனார் கிணறு வெட்டினப்போ ரெண்டு ஆள் ஆழத்துக்கு மண்ணுதாங்க வந்துச்சு" என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மார்ச் 5

ரெண்டு ஆள் ஆழம் என்றாரே.

மார்ச் 6

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். எட்டு ஏக்கரையும் பதினேழாம் குழி ஒன்றை வைத்தே எழுதியிருக்கிறேன். மண்ணைக் குடையும் கம்பி எதிலாவது முட்டினால், இரண்டடி தள்ளி இன்னும் இரண்டு குழி போட்ட பிறகே 'பாறை' என்று எழுத வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதை வகுப்பெடுப்பதே நான்தான்! என் குறிப்பில் ஒரே குழி. ஓரத்தில், "மழை. வண்டி கிளம்புகிறது." கிளம்பினால் என்னடி? நடந்து போயிருக்கலாமே!

மார்ச் 7

நல்லவேளை, அந்த இடம் சுரங்கம் தொடாத வேலியோரத்தில் இருக்கிறது. எண் போட்ட கட்டைகூட அப்படியே நின்றது. கம்பியை இறக்கினேன். நாற்பதில் 'ணங்'. இரண்டடி தள்ளி இறக்கினேன். எழுபது, நூறு — கைப்பிடி தரையில் தட்டும்வரை செம்மண். மூன்றாவதிலும் அப்படியே.

நிலத்துக்காரம்மா கடப்பாரை கொண்டுவந்தார். இருவருமாக நெம்பி எடுத்தோம். ஒரு கல். அம்மிக்கல்லை விடக் கொஞ்சம் பெரிசு. அவர் அதை வரப்போரமாக உருட்டிவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 8

சுரங்க மேலாளரிடம் போனேன். "மிச்ச மேல்மண்ணை வித்தாச்சு மேடம். திங்கக்கிழமை லாரி வருது" என்றார். நிறுத்தச் சொன்னேன். "எதை வச்சு நிறுத்த? அறிக்கையில உங்க கையெழுத்துதானே இருக்கு? அது தப்புன்னு எழுதிக் கொடுங்க, நிறுத்துறேன்." அவர் மேல் கோபப்படவும் வழியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் என் உரிமம் போகும். நான் போட்ட மற்ற குழிகளையும் சந்தேகிப்பார்கள். சந்தேகிக்க வேண்டியதுதானே?

இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்படியே நடந்தா தரையில நாப்பது சென்டிமீட்டர் பள்ளம் விழுந்துடும். உக்காந்து எழுதேன்" என்றார். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்தது.

எழுதிவிட்டேன். நாலு வரி. அதற்கு நாலு மணி நேரம். பயமாக இருக்கிறது.

மார்ச் 10

லாரிகள் காலியாகத் திரும்பின.

ஏப்ரல் 22

உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் பழைய குழிகளை எல்லாம் வேறொருவர் மறுபடி தோண்டுகிறார். இதுவரை பதினொன்று சரியாம். இன்னும் முப்பது இருக்கிறது.

ஜூன் 14

சும்மாதான் போனேன். எட்டு ஏக்கரிலும் மண் ஒரு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. நிலத்துக்காரம்மா உழுதுகொண்டிருந்தார். டிராக்டரை நிறுத்தி இறங்கி வந்து வரப்பைக் காட்டினார்.

"ஏன் நின்னுட்டே இருக்கீங்க? உங்க பாறை மேல உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது.