கேமரா கண்ட காய்ச்சல்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வராணி வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

போர் ஹெலிகாப்டர் இருட்டிலும் ஆளைக் கண்டுபிடிக்க, உடல்சூட்டைப் படமாக்கும் கேமரா உண்டு; சூடு கூடக்கூடப் படத்தில் வெளுப்பாகத் தெரியும். அதைச் சோதிப்பது இப்போது என் பொறுப்பு. செவ்வாயன்று சோதனைக்காக நானும் காவலாளியும் அதன்முன் நின்றோம். திரையைப் பார்த்த என் உதவியாளன் நியாஸ், "சேச்சி, ஒங்க மொகம் மட்டும் ரொம்ப வெளுத்துத் தெரியுதே, காய்ச்சலா?" என்றான். கேமராவில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. கேமரா தேறிவிட்டது, நானே கையெழுத்துப் போட்டேன்.

பயப்படாதீர்கள். நீங்கள் இடிக்கும் ரசப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். வேலைக்குப் போகும் படகுக்கு நேரமாகிறது.

நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டது அப்பா. நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆளில்லாததால், மறுபடி அந்தக் கேமராமுன் போய் நின்று பார்த்துக்கொண்டேன்.

மகள்
செல்வராணி