கிணற்று மேட்டுப் பெண்

11.7.1994
முதலாண்டு விலங்கியலில் மனிதப் பரிணாமம் ஆரம்பம். பிளாஸ்டர் கொரில்லா மண்டைக்குப் பக்கத்தில் புது மண்டையோட்டை வைத்தேன். அவிநாசிப் பக்கம் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் சுந்தரராஜுலு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. கிணற்று மேட்டில் மோட்டார் ரூமுக்குக் கடைக்கால் வெட்டும்போது கிடைத்ததாம். "பாண்டியங்குழி காலத்து ஆளுங்க மேடம், புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். மற்ற எலும்புகளை அப்படியே மூடிவிட்டார்களாம்.

அங்கெல்லாம் பாண்டியங்குழி என்கிற பழங்காலப் புதைகுழிகள்; ஏர் ஓட்டினாலே தாழி ஓடு வரும். எலும்பு வந்தால் யாருமே பழசு என்றுதான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

தண்டுவடம் நுழையும் துளை நேர் அடியில், ஆகவே நிமிர்ந்து நடந்தவள். புருவ மேடு இல்லை, ஆகவே பெண். பிள்ளைகள் 'ஆத்தா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வாலுங்க.

14.7.94
ஞானப்பல் பாதிதான் முளைத்திருக்கிறது. ஆத்தாவாவது! இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள்.

19.7.94
பல்லிடுக்கு மண்ணை பிரஷ் போட்டுக் கழுவினேன். மேல் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறது.

பாண்டியங்குழி காலத்துல எந்தப் பல் டாக்டர்? என்னத்தப் படிச்சேன், என்னத்தப் பாடம் நடத்துனேன்? இந்தக் கண்ணுக் குழியில பென்சிலை விட்டுக் காட்டினேனே — யா அல்லா.

20.7.94
பஷீரிடம் சொன்னேன். "போலீசு, கோர்ட்டுன்னு நீதான் அலையணும். சுந்தரராஜுலு குடும்பத்து மேல பழி போட்டேன்னு ஆயிரும். பேசாம திருப்பிக் குடுத்துரு" என்றார். கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் லேப் பீரோவில் பூட்டிவிட்டு வந்தும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இவளை யாரும் தேடவே இல்லையா?

22.7.94
சுந்தரராஜுலுவை வரவழைத்துப் பல்லைக் காட்டினேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தங்கச்சிங்க. சரோசா. பல் டாக்டருகிட்ட நாந்தானுங்க கூட்டிட்டுப் போனேன். ஊசி போடறப்ப எங்கையைப் புடிச்சுக்கிட்டா."

லாரி டிரைவரோடு ஓடிப்போய்விட்டாள் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னாராம். வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது என்று உத்தரவாம். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

"அவ காணாமப் போனப்ப அந்த மேட்டுல மண்ணுக் கொட்டுனது எங்கய்யனுங்க. ஆளு வெக்காம அவரே கொட்டுனாருங்க." பிறகு, "நானே அவளைத் துண்டுல சுத்திக் கொண்டாந்து குடுத்துப்போட்டேனுங்களே" என்றார்.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

2.8.94
கொரில்லாவை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினேன்.

18.9.94
போலீஸ் எலும்புகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று தோட்டத்தில் தகனம். போகாமல் இருக்க முடியவில்லை.

தாயார் ரங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் செய்தது, எப்படிச் செய்தது — ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப எம்புள்ள ஓடிப்போகலீங்களா அம்மணி?"

"இல்லீங்கம்மா. இங்கயேதான் இருந்தாங்க."

தீ மூட்டியதும் "சரோசா, சரோசா" என்று கூப்பிட ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. சுந்தரராஜுலுவின் சின்ன மகள் என் புடவையை இழுத்து மெதுவாகக் கேட்டாள்: "சரோசான்னா யாருங்க?"