பயணம் சொல்லிப் போனவனை வேலையை விட்டவன் என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
மீராமுகைதீன் கச்சிமுகம்மது,
துருசுக் காவலாளி (இப்போது துருசுக்கு வெளியே நிற்பவர்),
கடற்கரைப் பக்கம், மருதமுனை.

பெறுநர்:
உயர்திரு பிராந்தியப் பணிப்பாளர் அவர்கள்,
நடுவாய்க்கால் நீர்ப் பங்கீட்டுத் தலைமைக் காரியாலயம்,
அம்பாறை.

விடயம்: சம்பளமற்ற லீவில் பத்து மாதம் பயணம் போய்த் திரும்பிய என்னை, தானாக வேலையை விட்டு விலகியவர் என்று என் சேவைக் கோவையில் (கோப்பில்) எழுதி, இருபத்திரண்டு வருட வேலையிலிருந்து நீக்கியது.

மதிப்புக்குரிய ஐயா,

என் மேலும் ஒரு பிழை இருக்கிறது. மற்றவர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயது வரை நான் புகையிரதத்தில் ஏறியதில்லை. ஆனால் ஏறியதாக இருபது வருடம் கதை விட்டேன். தண்ணீர் முறைக்குக் காத்திருக்கும் வெள்ளாண்மைக்காரருக்கு, மலைநாட்டுச் சுரங்கம், யன்னலால் கை நீட்டித் தேயிலை பறித்தது எல்லாம் என் காவற் கொட்டிலில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் என்பதற்கு எங்கள் வழக்கப்படி என்னைக் காக்கா என்று கூப்பிடும் பாண்டிருப்புக் கனகரெத்தினம் அண்ணன் ஒரு நாள், "காக்கா, கோச்சிக்குள்ள கக்கூஸ் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். வயல் வட்டை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் இந்த மனு தொடங்குகிறது.

1. நான் 1958ஆம் ஆண்டு தொடக்கம் சவளக்கடை ஏழாம் வாய்க்கால் துருசுக்குக் காவலாளி. துருசு என்பது வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கும் கதவு. ஐயாவுக்கு இது தெரியும். எங்கள் கிளைக் காரியாலயமான கந்தோரில் இப்போது தெரியாதவர்களும் இருப்பதால் எழுதி வைக்கிறேன். என்னைப் பற்றி இந்த வருடம் வரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. என் பகிடிக் கதைகளைப் பற்றி வந்திருக்கலாம்.

2. 1978 நவம்பர்ப் புயலில் வாய்க்காலின் அணை உடைந்து, துருசின் இரும்புக் கதவு வளைந்து, காவற் கொட்டில் பறந்து போனது. கொட்டில் எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. திருத்தி முடிக்க ஒரு வருடம் ஆகும் என்றார்கள். தண்ணீர் இல்லாத துருசுக்குக் காவலாளி எதற்கு என்று யோசித்தேன். என் மனைவி ஹாஜறாவிடம் கேட்டேன். "போங்க, ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்க. பத்து மாசத்துக்கு ஊட்ட சத்தம் குறையும்" என்றாள். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, 1979 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து பத்து மாதம் சம்பளமற்ற லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

3. காரணம் என்ற இடத்தில் "கோச்சியில் ஏறி ஊர் பார்க்க" என்று எழுதினேன். தலைமை எழுதுவினைஞர் அப்துல் ஸமட் அவர்கள் அதைப் பார்த்து, "காக்கா, ஹஜ்ஜுக்கெண்டு போடுங்க. கோச்சி பாக்கப் போறதுக்கு ஆரும் கையெழுத்து வைப்பாங்களா?" என்றார். "அல்லாஹ்வுட பேரில பொய் எழுதிட்டு ஏறினா, கோச்சி தண்டவாளத்தில நிக்குமா?" என்று நான் கேட்டேன். அப்போதைய பொறுப்பதிகாரி இராசதுரை ஐயா சிரித்துக்கொண்டே கையொப்பம் வைத்தார். அந்தக் கடிதம் கோவைக்குள் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். இப்போது அது கோவையில் இல்லை என்கிறார்கள். இராசதுரை ஐயா வவுனியாவுக்கு மாறிப் போய்விட்டார். அவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

4. இனி எழுதப் போவதை ஐயா தயவு செய்து ஆறுதலாக, அவசரப்படாமல் வாசிக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தூரப் பயணம் போகிறவன், போகுமுன் எல்லோரிடமும் பயணம் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்து, "ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க" என்று கேட்க வேண்டும். போன இடத்தில் மவுத்தாகிவிட்டால் ஒருவருடைய மனக்குறையும் கழுத்தில் தொங்கக் கூடாது என்பதற்காக. ஹஜ்ஜுக்குப் போகிறவரும் கேட்பார், கொழும்புக்கு ஒப்பரேசனுக்குப் போகிறவரும் கேட்பார். கேட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து அதே கடையில் அதே தேத்தண்ணியைக் குடிக்கிறார்கள். அவர்களுடைய கடையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

நானும் மார்ச் 30ஆம் திகதி வெள்ளிக்கிழமை கந்தோரில் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பயணம் சொன்னேன். ஹாஜறா கிண்டிய தொதலை எல்லோருக்கும் கொடுத்தேன். திருத்த வேலைக்காரருக்குத் தேவைப்படும் என்று துருசுக் கதவுப் பூட்டின் திறப்பையும் கொடுத்தேன். அப்துல் ஸமட் அவர்கள் என் இரண்டு கையையும் பிடித்து, "எல்லாத்தையும் பொறுத்திட்டன் காக்கா, நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. தொதல் இரண்டு துண்டு எடுத்தார்.

கந்தோர் நாட்குறிப்பில் அவர் கையெழுத்தில் இப்போது இருப்பது இது: "கச்சிமுகம்மது இன்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, இனிப்பு வழங்கி, திறப்பை ஒப்படைத்து, இறுதியாக விடைபெற்றுச் சென்றார்." இறுதியாக என்ற சொல்லின் மை வேறு நிறம்.

புதிதாக வந்த பொறுப்பதிகாரி தூர ஊர்க்காரர். எங்கள் வழக்கம் தெரியாதவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அப்துல் ஸமட் அவர்கள் மருதமுனையில் என் வீட்டிலிருந்து நாலாவது வளவில் பிறந்தவர். அவருடைய வாப்பா ஹஜ்ஜுக்குப் போகும்போது எங்கள் வீட்டு வாசலில் வந்து என் வாப்பாவிடம் பொறுக்கக் கேட்டவர். தெரியாமல் எழுதியவர் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

5. பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். மட்டக்களப்பில் ஏறினேன். கோச்சி நின்றால் இறங்க வேண்டும் என்று நினைத்து வாழைச்சேனையில் இறங்கி நின்றேன். ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம், நாகூர், சென்னை, பம்பாய், அஜ்மீர், டெல்லி, ஆக்ரா என்று போனேன். மூன்று நாள் ஓடும் கோச்சியில் இறங்காமல் இருந்து, பாஷை தெரியாதவர்களின் ரொட்டியைத் தின்று, அவர்களுடைய பிள்ளைகளை மடியில் தூங்க வைத்தேன். கக்கூஸ் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஒரே வாய்க்காலைப் பார்த்த கண்ணுக்கு இவ்வளவு தண்ணீர், இவ்வளவு ஆறு, இவ்வளவு பாலம் இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொரு அணையையும் பார்க்கும்போது எங்கள் துருசைத்தான் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தந்த ஊரிலிருந்து, அடுத்து எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று கந்தோருக்கு ஐந்து படக்கார்ட் அனுப்பினேன். "பெப்ரவரி முதலாம் திகதி வேலைக்கு வருவேன், திறப்பைத் துடைத்து வையுங்கள்" என்று ஆக்ரா கார்ட்டில் இருக்கிறது.

6. சொன்னபடி 1980 பெப்ரவரி முதலாம் திகதி காலை ஏழு மணிக்குத் துருசடிக்குப் போனேன். புதுக் கதவு, புதுக் கொட்டில். கொட்டிலுக்குள் புதுக் காவலாளி. அவர் அப்துல் ஸமட் அவர்களுடைய பெண்சாதியின் தம்பி. "காக்கா, நீங்க மறுகா வரமாட்டீங்க எண்டுதானே மச்சான் சொன்னார்" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

7. விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். நான் இருக்குமிடம் தெரியவில்லை என்றும், வேலைக்கு வரும்படி மூன்று அறிவித்தல் அனுப்பியும் பதில் இல்லை என்றும் வாசித்தார்கள். எந்த விலாசத்துக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "காவற் கொட்டில், ஏழாம் வாய்க்கால்" என்றார்கள். புயலில் பறந்த கொட்டிலுக்கு, ஐயா. என் வீட்டு விலாசம் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளப் புத்தகத்தில் இருக்கிறது.

என் படக்கார்ட் ஐந்தும் அப்துல் ஸமட் அவர்களின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருந்தன. தாஜ்மகால் நடுவில். நான் இருக்குமிடம் தெரியாது என்று எழுதிய காகிதத்தை அந்தக் கண்ணாடிக்கு மேல் வைத்துத்தான் என்னிடம் கையொப்பம் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. எனக்காகச் சாட்சி சொல்ல வந்த கனகரெத்தினம் அண்ணனை வெளியே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் மூன்று மணித்தியாலம் நின்றார்.

8. ஒன்று கேட்கிறேன், ஐயா கோபிக்கக் கூடாது. முன்னொரு தடவை எங்கள் கந்தோர் எஞ்சினியர் ஒருவர் இரண்டு வருட லீவில் சீமைக்குப் போனார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், நான்தான் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் உட்காரும் கதிரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் போனது அறிவு வளர்க்க என்றார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற காவலாளி உலகம் பார்க்கப் போனால் அது ஓடிப்போனது. இதற்கு ஒரு சட்டம் இருந்தால் எழுத்தில் தாருங்கள். வீட்டில் மாட்டி வைக்கிறேன்.

9. அன்று அப்துல் ஸமட் அவர்களிடம் நானும் பொறுத்தேன் என்று சொன்னது உண்மை. அது அன்று வரைக்கும் செய்த பிழைகளுக்கு. அதற்குப் பிறகு செய்தவற்றுக்கு அது செல்லாது என்பதை இந்த மனு மூலம் அவருக்கும் அறியத் தருகிறேன்.

10. இந்தச் சிறுபோகத்தில் கடைவாய்க்கால் வயல்கள் காய்கின்றன. புதியவர் மேல் வயலுக்குத் திறந்துவிட்டுப் பிறகு கீழ் வயலை நினைக்கிறார். கீழ் வயல்காரர் என் வீட்டுக்கு வந்து முறையிடுகிறார்கள். வேலை இல்லாதவனிடம் தண்ணீர் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?

ஆகவே ஐயா, இராசதுரை ஐயாவிடம் எழுதிக் கேட்டு, நாட்குறிப்பின் மையையும் மேசைக் கண்ணாடியின் அடியையும் நேரில் பார்த்து, விலகியவர் என்ற சொல்லை வெட்டி, என் துருசையும் என் சேவைக் காலத்தையும் எனக்குத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். இரக்கத்துக்காகக் கேட்கவில்லை. லீவு முடிந்தது, வேலைக்கு வந்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் மகள் நபீலா. கையொப்பம் என்னுடையது.

இடம்: மருதமுனை
திகதி: 1980.05.12

உண்மையுள்ள,
மீ. கச்சிமுகம்மது

பிற்குறிப்பு: இது என் கையெழுத்து. மனுவைப் பதிவுத் தபாலில் போடுவதற்காகக் கல்முனைக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கல்முனையைத் தாண்டிக் காரைதீவில் எழுப்பி இறக்கிவிட்டார்கள். ஆகையால் தபால் முத்திரை காரைதீவு என்று இருக்கும். நான் மருதமுனையில்தான் இருக்கிறேன்.