அப்பாவின் நாலு மணி வெங்காய வளையம்

பாபநாசம்

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றும் பச்சை பிடித்துவிட்டது. அங்கே புனே மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தை விடச் சொல்லிவிட்டார் டாக்டர் என்று போனில் சொன்னேன் அல்லவா, பஜ்ஜியை விட்டதோடு சித்தீக் அண்ணன் டீக்கடைக்குப் போவதையே அப்பா விட்டுவிட்டார். வாசனை பட்டால் கை நீண்டுவிடுமாம். வயலிலிருந்து வந்து நாலு மணிக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார், கூட்டாளிகளோடு பேச்சும் இல்லை சிரிப்பும் இல்லை, எனக்குப் பயமாகிவிட்டது. அதனால்தான் நீ அனுப்பிய ஓவனை வெளியே எடுத்தேன். வெங்காயத்தைத் தடிமனாக வட்டம் வெட்டி, தயிரில் கரைத்த கடலை மாவில் தோய்த்து, பொடித்த அவலில் புரட்டி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி வைத்தேன். அன்றைக்கு வயலெல்லாம் மோட்டார் ஓடியதில் கரண்ட் மந்தம், வளையம் சவசவ என்று வந்தது. வதங்குன வெங்காயத்துக்குச் சட்டை போட்டு விட்டிருக்கியா என்றார் அப்பா. மறுநாள் மோட்டார் நின்ற பிறகு வைத்தேன், மொறுமொறுவென்று வந்தது, எண்ணெய்தான் இல்லையே என்று தட்டு முழுவதையும் தின்றுவிட்டார்.

எண்ணெய் இல்லையென்றால் எவ்வளவும் தின்னலாமா என்று எனக்குச் சந்தேகம். நம் குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியும் ஆஸ்பத்திரியில் வாய் திறக்காதவள் நான், இந்த முறை டயட்டீஷியன் பூவிழியிடம் கேட்டேவிட்டேன். எண்ணெய் குறைஞ்சா கலோரி குறையுங்க, ஆனா மாவும் உப்பும் அப்படியேதான இருக்கு, அஞ்சாறு போதும்மா, கூட கொஞ்சம் சுண்டல் வைங்க என்றது அந்தப் பெண். அப்படியே டப்பாவில் அளவாகப் போட்டு, கடையில போய் உக்காந்து தின்னுட்டு வாங்க என்று அப்பாவை அனுப்பினேன். ஏன் மச்சான், என் கடையிலயே உக்காந்து வீட்டுப் பலகாரமா, பெஞ்சுக்கு வாடகை குடு என்று சித்தீக் அண்ணன் கேலி செய்தாராம். நேற்று டப்பா காலியாக வந்தது, சுண்டல்கூட இல்லை. மொத்தத்தையும் தின்னுட்டீங்களா என்று கேட்டேன். நான் ரெண்டுதான் தின்னேன், மிச்சத்த அந்த பஜ்ஜிக்காரனே புடுங்கித் தின்னுட்டான், நாளைக்கு அவனுக்குத் தனியா வேணுமாம் என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார், அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நீயும் வெளியே வாங்கித் தின்பதைக் குறைத்துக்கொள். நோய் நொடியில்லாமல் நிறைவாக இரு. இனி நாலு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்யாதே, கடைப் பேச்சில் எடுக்க மாட்டார்.

உன் அம்மா,
மலர்க்கொடி