கூறைப் புடவைக்குள் ஒரு பாட்டில்

என்னங்க,

நேரில் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் முன் ஸ்கேனிங்கில், "இது யார் பெட்டிங்க?" என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டாள். உங்கள் அக்கா பக்கத்தில் நிற்கிறார் என்றதும், என்னைக் காட்டி, "அவங்களோடதுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றீர்கள். அந்தப் பெட்டியில் இருந்தது, நம் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் கட்ட நான் எடுத்துவைத்த கூறைப் புடவை. அதற்குள் ஒயின் பாட்டிலைச் சுருட்டி வைத்தது யார்?

"ஆளுக்கு ஒரு பாட்டில் கையில எடுத்துட்டு வந்தா நாங்களே விட்டுடுவோமேம்மா! எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?" என்று அவள் என்னிடம் கேட்டாள். பதில் உங்களிடம் இருந்தது. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பாட்டிலை வாங்கிவைத்துக்கொண்டு என் பெயரில் சீட்டுக் கொடுத்தார்கள். கப்பலில் மூன்று நாளும் உங்கள் அக்கா என் டம்ளரை முகர்ந்து பார்த்தார். அப்போதும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடத்தான் திறந்தீர்கள்.

இறங்கும்போது கையெழுத்துப் போட்டு பாட்டிலை வாங்கிவந்தது நான்தான். அதைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில். அதே பெட்டியைத்தான் எடுத்துப் போகிறேன்; என்னுடையது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே.

சாயங்காலம் உங்கள் அக்கா வேங்கிக்காலில் நம் வீட்டுக்கு வருகிறார். பாட்டில் யாருடையது என்று கேட்பார். இந்த முறை பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பெட்டிக்குச் சொந்தக்காரி